வவ்வால் இல்லாத ஊர்

திருச்சியில் ஏறிய பஸ் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் போகும் என்று கண்டக்டர் அடித்துச் சொன்னார். போகவில்லை. நாலு ரோட்டில் என்னையும் என் பைகளையும் இறக்கிவிட்டு, "இப்படியே நடந்தீங்கன்னா டவுன்தாங்க" என்று கை காட்டிவிட்டு விசிலடித்தார். வெயிலில் நடந்து, ஷேர் ஆட்டோவில் இரண்டு வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோதே எனக்கு இந்த ஊர்மேல் கோபம் வந்துவிட்டது. ஊர் ஒன்றும் செய்யவில்லை என்பது தெரிந்தும் அந்தக் கோபம் போகவில்லை.

நான் மார்த்தாண்டத்துக்காரி. எங்கள் பக்கம் எந்தத் திசையில் கல் எறிந்தாலும் அது ஒரு ரப்பர் மரத்திலோ வாழையிலோதான் விழும். இங்கே எறிந்தால் அது போய்க்கொண்டே இருக்கும். கண்ணுக்கு எட்டிய வரை அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை, பருத்தி, நடுவில் ஒற்றை வேப்பமரம். காலை டிபனுக்கு உட்கார்ந்தால் சாம்பாரில் சின்ன வெங்காயம், சட்னியில் சின்ன வெங்காயம், வெளியே வந்தால் ரோட்டோரம் காயப்போட்டதும் அதுதான். மத்தியானம் மீன் இருக்கிறதா என்று கேட்டேன். "புதன்கிழமை வந்திருந்தா இருந்திருக்கும்" என்றார் சர்வர். அன்றைக்கு வெள்ளி. எந்தப் புதன்கிழமையைச் சொல்கிறார் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் நடத்தும் ஒரு கம்பெனி புதிதாகச் சில சுரங்கங்கள் தோண்டப் போகிறது. அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க ஒரு துணைமின் நிலையமும், அங்கிருந்து சுரங்கங்களுக்கு மின்கம்பிகளும் வேண்டும். பணம் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிக்கு நம் ஊர் மரம் மட்டைமேல் திடீர் அக்கறை. சுற்றுச்சூழல் பாதிப்பைப் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டது. சென்னையில் ஒரு நிறுவனம் அந்த வேலையை எடுத்து, அதில் விலங்கு, பறவைப் பகுதியை மட்டும் என் தலையில் கட்டியது. கம்பி போகும் வழியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

எனக்கு வாய்த்த துணை இரண்டு பேர். ஒருவர் டிரைவர் காஜா பாய். துபாயில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அங்கே ரோடு எப்படி இருக்கும் என்பதை நம் ஒவ்வொரு பள்ளத்திலும் நினைவூட்டுவார். இன்னொருவர் கம்பெனியின் நில அதிகாரி ராஜேந்திரன். எதைக் கேட்டாலும் "நோ இஷ்யூ மேடம்" என்பார். தண்ணீர் பாட்டில் எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான்.

முதல் நாள் துணைமின் நிலையம் வரப்போகும் இடத்துக்குப் போனோம். வேலிக்கருவை மண்டிய மேட்டு நிலம். ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் மயில் வருமாங்க?" என்று கேட்டேன்.

"மயிலா? இல்லைங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முதுகுக்குப் பின்னால் மயில் ஒன்று தொண்டை கிழியக் கத்தியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாம்பு?"

"இதுவரைக்கும் பார்த்ததே இல்லைங்க."

"நரி, முயல், கீரி?"

"அதெல்லாம் எங்கூர்ல ஏதுங்க."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஆடாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்ற முப்பது நாற்பது ஆடுகளை ஒரு முறை பார்த்தார். "ஏதோ ரெண்டு கெடக்குதுங்க" என்றார்.

ராஜேந்திரனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பார்த்தீங்களா மேடம், சுத்தமான ஏரியா. ஒண்ணுமே கிடையாது."

அன்று மாலைவரை நான் பார்த்த எல்லோருமே இல்லைங்கதான். வயலில் களை எடுத்த பெண்கள், பம்பு செட்டில் குளித்தவர், சைக்கிளில் பால் கொண்டுபோனவர், ஒருவர் பாக்கியில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், தோட்டத்தில் வந்த மரநாயிலிருந்து அவருடைய மச்சான் பார்த்த சிறுத்தைவரை கதை கேட்டுவிட்டு, சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். இங்கே வாயைக் கிளறக் கிளற அது இறுகிக்கொண்டே போனது.

மறுநாள் ஏரிக்கரை ஊருக்குப் போனோம். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. கரைக்குப் போகும் திருப்பத்தில் ஒரு டீக்கடை. நடத்துவது தமிழ்ச்செல்வி என்ற நாற்பது வயதுப் பெண். கணவர் சுரங்க லாரி ஓட்டுகிறார். கடை பெஞ்சில் வடக்கேயிருந்து வந்த இரண்டு லாரிக்காரர்கள் உட்கார்ந்து இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். "இங்கே சோற்றில் எதை ஊற்றினாலும் புளிக்கிறது" என்றார் ஒருவர். "தயிரும் புளிக்கிறது" என்று ஆமோதித்தார் மற்றவர். மனதுக்குள் அவர்களோடு கைகுலுக்கிக்கொண்டேன். டீ மட்டும் நன்றாக இருந்தது, லாரிகள் கிளப்பிய சுண்ணாம்புத் தூசி மேலே படிவதற்குள் குடித்துவிட்டால்.

கடைக்கு முன்னால் பாதி மென்று துப்பிய நாட்டு வாதுமைக் காய்கள் கிடந்தன. பழந்தின்னி வவ்வால் தின்றது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"இங்க வவ்வால் நிறைய உண்டா?" என்று தமிழ்ச்செல்வியைக் கேட்டேன்.

"வவ்வாலா? எங்கூர்ல ஏதுங்க வவ்வால்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கூட்டி வைத்தார்.

"அப்ப இந்தக் காயெல்லாம் யார் தின்னது?"

"பசங்க தின்னுருப்பாங்க."

நானே கரையில் நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ராஜேந்திரன் நடக்க வேண்டாம், சுற்று வழியில் கார் போகும் என்றார். முந்தின வாரம் பெய்த மழையில் கரிசல் மண் ஊறிக் கிடந்தது. கார் பாதி வழியில் அச்சுவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. "துபாய்ல மணல்ல ஓட்டுனேன் மேடம், இப்படிப் புடிச்சதில்ல" என்றார் காஜா பாய். இறங்கி நான்கு அடி வைத்தேன். ஒவ்வொரு செருப்பிலும் ஒரு படி மண். எங்கள் ஊர்ச் செம்மண் காலைக் கழுவினால் போய்விடும். இது செருப்பையே கேட்டது. கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றேன். டிராக்டர் வந்து இழுத்து முடிக்கும்போது வேலை நேரம் போய்விட்டது. "நோ இஷ்யூ மேடம்" என்றார் ராஜேந்திரன். அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்த ஊருக்குள் நுழைந்தால் முன்னால் ஒரு சாவு ஊர்வலம். ஒதுங்க இடமில்லை. பாடைக்கு முன்னால் வெளியூர் பேண்டு செட், அதற்கு முன்னால் தப்பு மேளம், அதற்கும் முன்னால் நான்கு பேர் சரவெடியைக் கொளுத்திப் போட்டுக்கொண்டே போனார்கள். காருக்குள் காது அடைத்தது. இன்றைக்கும் வேலை கெட்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன். காஜா பாய், "மவுத்து வூட்டு ஊர்வலத்த முந்தக் கூடாது மேடம்" என்று வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

டீக்கடைத் திருப்பம் தாண்டிக் கரையில் ஏறும் இடத்தில், முன்னால் போன ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரத் தூக்கினார். தப்பு நின்றது. பேண்டு செட்டு நின்றது. வெடி வைத்தவர்கள் மீதிச் சரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அழுகையை அடக்கிக்கொண்டார்கள். கரை நெடுக அத்தனை பேரும் ஒரு சத்தமில்லாமல் நடந்தார்கள். காலடிச் சத்தமும், பூ உதிர்க்கும் ஆளின் மூச்சும்தான் கேட்டன. மதகு தாண்டியதும் துண்டு இறங்கியது. விட்ட இடத்திலிருந்து தப்பு மறுபடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"எங்கூர்ல பள்ளிவாசல் வந்தா மேளத்த நிறுத்துவாங்க. இங்க பள்ளிவாசலும் இல்ல, கோயிலும் இல்ல. எதுக்கு மேடம் நிறுத்துனாங்க?" என்றார் காஜா பாய்.

நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். முதலில் நாற்றம்தான் வந்தது. கரையின் உட்சரிவில் வரிசையாகப் பெரிய மருத மரங்கள். இலை தெரியவில்லை. கிளைக்குக் கிளை, தலைகீழாக, போர்த்திக்கொண்டு வவ்வால்கள். ஆயிரத்துக்குக் குறையாது. சில ஒரு இறக்கையால் சோம்பலாக விசிறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு குறி. வெட்டப் போகும் மரங்களுக்குக் கம்பெனி போட்ட குறி.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மரத்தை வெட்டினால் கூட்டமே போயிற்று. வெட்டாமல் பக்கத்தில் கம்பியை இழுத்தாலும் போயிற்று. சுரங்கத்துக்குப் போகும் இந்த ரகக் கம்பிகள் நெருக்கமாக ஓடும். பெரிய வவ்வால் இறக்கையை விரித்தால் இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் தொட்டுக் கருகித் தொங்கும். ஓர் ஊரே இவற்றுக்காகச் சாவு மேளத்தை நிறுத்துகிறது. அதே ஊர் என்னிடம் வவ்வாலே கிடையாது என்கிறது.

நேராக டீக்கடைக்குப் போனேன். "ஏங்க பொய் சொன்னீங்க?" என்று தமிழ்ச்செல்வியிடம் கேட்டேன்.

அவர் அசரவில்லை. "மேடம், முன்ன ஒரு தடவ வந்து மான் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னோம். அடுத்த வருசம் ஆடு மேய்க்கக் கூடாதுன்னு போர்டு வச்சுட்டாங்க. அப்புறம் ஒருத்தரு வந்து ஓடையில மணல் எவ்ளோ ஆழம் இருக்குன்னு கேட்டாரு. காட்டுனோம். பின்னாடியே லாரி வந்துருச்சு. அன்னையிலேருந்து பையத் தூக்கிக்கிட்டு யாரு வந்து எதக் கேட்டாலும் எங்கூர்ல இல்லைங்கதான்."

"நீங்க இல்லைன்னு சொன்னதாலதான் லைன் இந்தக் கரைக்கு வந்திருக்கு" என்றேன். வரைபடத்தை எடுத்து பெஞ்சில் விரித்தேன். எனக்கு முன்னால் வந்தவர்களும் ஊரைக் கேட்டிருக்கிறார்கள். ஊரும் வழக்கம்போலச் சொல்லியிருக்கிறது. கரையில் ஒன்றுமில்லை, சில மரங்கள் மட்டும் என்று எழுதி, கம்பி போக அதுவே தோதான இடம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மறைத்துக் காப்பாற்றப் போய், மரத்தின் அடியில் சிவப்புப் பெயின்டை வரவழைத்துக்கொண்டார்கள்.

தமிழ்ச்செல்வி டீ வடிகட்டியைக் கீழே வைத்தார். "அந்தச் செவப்பு, மரத்துக்கு நம்பர் போட்டுப் பாதுகாக்கறதுக்கு இல்லீங்களா?"

"வெட்டறதுக்கு."

வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேற பக்கமா போவ முடியாதா?" என்றார்.

முடியும். வரைபடத்தில் புள்ளி புள்ளியாக இன்னொரு வழி இருந்தது. திருப்பம் அதிகம் என்று கம்பெனி ஒதுக்கி வைத்த வழி. ஒரு பக்கம் தண்ணீர் நிரம்பிய பழைய சுரங்கக் குழி, மறுபக்கம் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வயலின் குறுக்கே போக வேண்டும். தமிழ்ச்செல்வி அந்தப் புள்ளிகளின்மேல் விரலை வைத்து ஓட்டினார். விரல் நின்றது. கடையைப் பூட்டாமலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வயலின் மூலையில், தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு, கருங்கல்லில் வீட்டு அஸ்திவாரம், அவர்கள் பேச்சில் கடக்கால், எழும்பியிருந்தது.

"எங்க மாமனாரு வரைக்கும் அடுத்தவங்க காட்டுலதான் வேல. இந்தக் காடு நாங்க வாங்குனது. இந்தா, இதுதான் ரூமு. இது அடுப்படி. வர்ற தையில வூட்ட எழுப்பிடலாம்னு இருந்தோம்" என்றார். பிறகு, "கம்பி போனா இதுக்கு மேல கட்ட விடுவாங்களா?" என்று கேட்டார்.

கம்பிக்குக் கீழே வீடு கட்டக் கூடாது. அதைச் சொன்னேன். இருவரும் திரும்பி நடந்தோம். கடையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

பூமிக்கு அடியில் கேபிளாகக் கொண்டு போகக் கூடாதா என்று ராஜேந்திரனைக் கேட்டேன். "முழுக்கச் சுண்ணாம்புப் பாறை மேடம். நீங்க தோண்டித் தரீங்களா?" என்று சிரித்தார். சென்னைக்குப் போன் செய்தேன். அவர்கள் இன்னும் மேல். நான் பார்த்தது மட்டும் போதாதாம். வவ்வால் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும் என்று கம்பெனி தள்ளிவிடுமாம். காலங்காலமாக இங்கேதான் இருக்கின்றன என்பது ஊர்க்கூட்டத்தில் மக்கள் வாயால் வர வேண்டுமாம். இந்த ஊர் வாயால். அன்று இரவு புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, வேறு ஏதாவது தொழில் செய்திருக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் அக்கா ரப்பர் ஷீட் அடிக்கிறாள். ரப்பர் பொய் சொல்வதில்லை.

கூட்டம் மறுநாள் ஊராட்சிக் கட்டடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கம்பெனி செலவில் சமோசா. ஊர் முழுக்க வந்திருந்தது. துண்டைத் தூக்கியவர் முதல் வரிசையில். வரைபடம் பற்றிய செய்தி எனக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றி வந்துவிட்டது என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

ராஜேந்திரன் மைக்கைத் தட்டினார். "ஏரிக்கரையில வவ்வால் கூட்டம் இருக்கறதா மேடம் சொல்றாங்க. பரம்பரையா இருக்கா? இருந்தா சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. துண்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சமோசாவைப் பார்த்தார். எனக்கு எழுந்து நின்று எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. இந்த முறை மௌனம் பழைய பயத்தால் வந்ததில்லை என்பது புரிய நேரம் பிடித்தது. இருக்கிறது என்று சொன்னால் தமிழ்ச்செல்வி வீட்டை இடித்த மாதிரி. அதைத் தன் வாயால் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"அப்ப இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் ராஜேந்திரன், பேனாவைத் திறந்துகொண்டே.

"இருக்குங்க" என்று பின்னாலிருந்து தமிழ்ச்செல்வி எழுந்தார். குரலில் கோபம்தான் இருந்தது. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இருக்கு. எங்கப்பா இந்த ஊர் சாவுக்கெல்லாம் தப்பு அடிச்சவரு. கரையில ஏறுனா குச்சிய இடுப்புல சொருகிக்குவாரு. அவரு சாவுக்கும் அந்தக் கரையில அடிக்கல. அதுங்க ஒருக்கா கெளம்பிடுச்சுன்னா திரும்பாது. எழுதிக்கிங்க."

"லைன் உங்க காட்டு மேலதாம்மா வரும். கடக்கால் வேற போட்டிருக்கீங்க" என்றார் ராஜேந்திரன். அவர் முகத்தில் முதல் தடவையாக நோ இஷ்யூ இல்லை.

"தெரியுங்க" என்று உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் ஊருக்கு வாய் வந்தது. ஒருவர் மாற்றி ஒருவர், ஒருவர்மேல் ஒருவர். வவ்வால் பத்தாயிரம் என்றார்கள், மயில் கூட்டம் கூட்டமாக என்றார்கள், நரி, கீரி, மான், மலைப்பாம்பு எல்லாம் வந்தன. முதல் நாள் மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்தவரும் இந்த ஊர்தானாம்; எழுந்து, ஏரியில் முதலையே பார்த்ததாகச் சொன்னார். இதை ஒரு நாள் முன்னால் சொல்லக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். முதலையை மட்டும் எழுதவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது காருக்குப் பக்கத்தில் தமிழ்ச்செல்வி நின்றிருந்தார். நன்றி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேணாங்க. நீங்களா பாத்து நீங்களா எழுதிட்டுப் போயிருந்தா, யாரோ ஒரு மேடம் வந்து வூட்டக் கெடுத்துட்டாங்கன்னு ஆயுசுக்கும் ஒங்களத் திட்டிக்கிட்டுக் கெடந்திருப்பேன். மனசாவது ஆறியிருக்கும். இப்ப யாரத் திட்றது?" என்றார்.

காரில் ஏறிக்கொண்டேன். காஜா பாய் வண்டியைக் கிளப்பினார். தமிழ்ச்செல்வி கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடக்கால் கல்லு நல்ல கல்லு. அதப் பேத்து எடுத்துக்கலாமா, இல்ல அதுவும் கம்பெனிக்கா?"

எனக்குத் தெரியவில்லை. என்னை அனுப்பியவர்கள் விலங்குகளையும் பறவைகளையும் மட்டும்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.